ஒரு காம்பரா, ஒரு போன்: தோட்டத்துப் பிள்ளைகளும் இணையமும்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது, மலையகத் தோட்டங்களுக்குள் ஸ்மார்ட் போன் ஒரு படிப்புச் சாமானாக வந்தது. ஆசிரியர்கள் பாடக் குறிப்புகளை வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார்கள். தோட்டை அடகு வைத்தும், சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்தும், குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்யும் அம்மா அனுப்பிய பணத்திலும் போன் வாங்கினார்கள். சிக்னல் எடுக்காத டிவிஷன்களில் பிள்ளைகள் மலை ஏறிப் பாறைமேல் உட்கார்ந்து பாடங்களை இறக்கிக்கொண்டார்கள். பாடசாலைகள் திறந்தன, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது அதில் டிக்டொக், ஃப்ரீ ஃபயர், பேஸ்புக் எல்லாம் இருக்கின்றன. வகுப்பு வட்ஸ்அப் குரூப்பும் அப்படியே இருக்கிறது.

நகரத்துப் பெற்றோருக்காக எழுதிய ஆலோசனைகள் இந்த வீட்டுக்கு உதவுவதில்லை. கணினியைக் கூடத்தில் வையுங்கள், பிள்ளை பார்ப்பதைப் பக்கத்தில் இருந்து கவனியுங்கள் என்று அவை சொல்லும். லயத்தில் இருப்பது ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு, பின்னால் குசினி. காலையில் பெரட்டுக்குப் போகிற அம்மா, மாலைக் கொழுந்து நிறுத்து முடித்துத்தான் வீடு வருவார். பிள்ளை இரண்டு மணிக்கே பாடசாலையிலிருந்து வந்துவிடும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற குடும்பங்களில், நடுவே இருக்கும் அந்த மூன்று மணி நேரமும் போனும் பிள்ளையும் தனியே இருக்கும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணினி எழுத்தறிவு ஆய்வுகளில் தோட்டத் துறைதான் கடைசியில் நிற்கிறது. பல வீடுகளில் போனைப் பழக்கிவிடும் வாத்தியாரே மகள்தான்; அவளை அம்மா எப்படிக் கண்காணிப்பது?

அதனால் இந்த அத்தியாயம் கண்காணிப்பில் தொடங்கவில்லை. வில்லங்கம் வந்த அன்றைக்கே பிள்ளை வாய் திறந்து சொல்லும்படி வீட்டை வைத்திருப்பதுதான் முதல் வேலை. செட்டிங்ஸ், கடவுச்சொல், பொலிஸ் எல்லாம் அதற்கு அடுத்தது.

பொறி வைக்கும் விதம்

முதலில் ஒரு பாராட்டு வரும். டிக்டொக் வீடியோவுக்குக் கீழே ஒரு இதயம், பேஸ்புக் படத்துக்கு "செம" என்று ஒரு கொமன்ட். எழுதுகிறவரின் படத்தில் அழகான பையனோ பெண்ணோ இருப்பார். இரண்டொரு நாளில் "வட்ஸ்அப்புக்கு வாங்களேன்" என்பார்கள். பேச்சு மெல்ல இரவுக்கு நகரும். பிறகு "இத யாருக்கும் சொல்லாத" என்ற நிபந்தனை. அதற்கும் பிறகு ஒரு படம், இல்லாவிட்டால் ஒரு வீடியோ அழைப்பு. அழைப்பை அந்தப் பக்கம் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். ஒரு முறை பார்த்ததும் மறையும் என்று அனுப்பிய படத்தையும் இன்னொரு போனால் படம் பிடித்துவிடலாம். எல்லாரும் தூரத்து ஆட்களும் அல்ல. பஸ்ஸில் பார்த்த பையன், டவுனில் கடை வைத்திருப்பவர், கூட்டாளியின் அண்ணன் என்று தெரிந்த முகமாகவும் இருக்கலாம்.

படம் கைக்குப் போனதும் குரல் மாறும். "இஸி கேஷ் போடு", "இன்னொரு படம் அனுப்பு", "சொல்ற இடத்துக்கு வா", இல்லாவிட்டால் "உங்க அப்பாவுக்கு அனுப்பிருவேன்." இந்தக் கடைசி வாக்கியம்தான் மிரட்டுகிறவரின் முழு முதல். அப்பா அடிப்பார், போனைப் பிடுங்குவார்கள், பாடசாலையை நிறுத்துவார்கள், லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பிள்ளை நம்புகிற வரைக்கும் அந்த முதல் வட்டி போட்டுக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டின் பொள்ளாச்சி வழக்கில் நடந்தது இதுதான். பேஸ்புக்கில் பழகி, தனியே வரவழைத்து, பாலியல் வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து, அதை வைத்தே திரும்பத் திரும்ப மிரட்டிய கும்பல் அது. 2019 பெப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து முறைப்பாடு கொடுத்தார். மற்றப் பெண்களுக்கு நேர்ந்தது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. 2025 மே 13ஆம் திகதி கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. குற்றவாளிகளின் போன்களிலும் கணினியிலும் இருந்து மீட்ட பதிவுகளே அவர்களுக்கு எதிரான பெரிய சான்றாயின.

ஆண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது என்று நினைக்கும் வீடுகள் அதிகம். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், 17 வயது மாணவன் ஒருவனிடம் இன்ஸ்டகிராமில் பெண் வேடத்தில் பேசிப் படம் வாங்கியவர்கள் உடனே பணம் கேட்டார்கள். அவன் கையிலிருந்ததைக் கொடுத்தான். அவர்கள் விடவில்லை. சில மணி நேரத்திலேயே அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். நைஜீரியாவிலிருந்து இதைச் செய்த இரண்டு சகோதரர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2024இல் ஆளுக்கு 17 ஆண்டு ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். பணம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்ற எண்ணத்துக்கு இந்த வழக்கில் இடமே இல்லை.

படம் அனுப்பாத பிள்ளையும் மாட்டலாம். 2023இல் ஸ்பெயினின் அல்மெந்திரலேஹோ என்ற ஊரில், மாணவிகளின் சாதாரண முகப் படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றின் மூலம் நிர்வாணப் படங்களாக்கிப் பரப்பினார்கள். செய்தவர்கள் அதே ஊர்ப் பையன்கள். 15 பேரை நீதிமன்றம் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. "நான் அனுப்பவே இல்லம்மா" என்று மகள் சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம் என்ற இடத்திலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும்.

வீட்டின் முதல் விதி

விதி சின்னது. வந்து சொன்னதற்காக அடி இல்லை, போன் பறிபோகாது, பாடசாலை நிற்காது. இதை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து, வில்லங்கம் எதுவும் இல்லாத ஒரு நாளில், பிள்ளையின் முகத்துக்கு நேரே சொல்லி வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் போதாது. அம்மாவிடம் சொன்னது அப்பாவுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் பிள்ளையின் கணக்கு.

சொல்லும் நாளில் முதல் நிமிடம் எப்படிப் போகிறதோ அதை வைத்துத்தான் மிச்சம். பேச்சு இப்படிப் போகலாம்:

"அம்மா, ஒருத்தன் போட்டோவ வச்சிக்கிட்டு மெரட்டுறான்."

"சரி தாயி, இப்பிடி வந்து ஒக்காரு. ஒன்னைய அடிக்க மாட்டேன். அவன் இப்ப என்னா கேக்குறான்?"

"காசு கேக்குறான். இல்லாட்டி அப்பாவுக்கு அனுப்புவானாம்."

"அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். காசும் குடுக்க வேணாம், பதிலும் போட வேணாம். எதையும் அழிச்சிறாத. மொதல்லேருந்து சொல்லு."

ஏன் பேசினாய், ஏன் அனுப்பினாய் என்ற கேள்விகள் அன்றைக்கு வேண்டாம். ஒரு கிழமை கழித்துப் பேச நேரம் இருக்கிறது.

பிள்ளையின் போனைத் திருட்டுத்தனமாகப் படிப்பது இந்த விதியை உடைத்துவிடும். பார்க்க வேண்டும் என்றால், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம் என்று முதலே பேசி வைத்துக்கொள்வது நல்லது. 18 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ சட்டப்படி பிள்ளைதான் என்பதும், அந்த வயதில் நடப்பதற்குப் பொறுப்பு பெரியவர் மேல் என்பதும் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

போனை ஒழுங்குபடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் போதும். பிள்ளையே போனைப் பிடித்துக்கொள்ளட்டும், அம்மா பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் ஜிமெயில் கணக்கு. தோட்டங்களில் பலர் போன் வாங்கும்போது கடைக்காரப் பையனே கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லையும் போட்டுக் கொடுக்கிறான். அந்தக் கடவுச்சொல் அவனுக்கும் தெரியும். போனில் எடுக்கும் படங்கள் அந்தக் கணக்கின் கூகுள் போட்டோஸுக்குத் தானாகப் போய்ச் சேரும்படி இருந்தால், கடையில் இருந்துகொண்டே அவற்றைப் பார்க்கலாம். செட்டிங்ஸில் கூகுள் என்ற இடத்துக்குப் போய், செக்கியூரிட்டி பகுதியில் யுவர் டிவைசஸ் என்பதைத் திறந்தால், இந்தக் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். வீட்டில் இல்லாத போன் ஒன்று வரிசையில் இருந்தால் சைன் அவுட் கொடுத்து, கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். ரிக்கவரி இலக்கமாக யாருடைய இலக்கம் இருக்கிறது என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது வட்ஸ்அப். லிங்க்ட் டிவைசஸ் என்பதைத் திறந்தால், வேறு எங்காவது இந்த வட்ஸ்அப் ஓடுகிறதா என்று தெரியும். பிரைவசிக்குள் புரொபைல் போட்டோ, லாஸ்ட் சீன், குரூப்ஸ் மூன்றையும் மை கொன்டாக்ட்ஸ் என்று மாற்றினால், முன்பின் தெரியாதவர் படத்தைப் பார்க்கவும் முடியாது, பிள்ளையைக் கண்ட குரூப்பில் சேர்க்கவும் முடியாது. தெரியாத இலக்கங்களிலிருந்து வரும் அழைப்பு ஒலிக்காமல் செய்யவும் அங்கே ஒரு பொத்தான் உண்டு. டூ-ஸ்டெப் வெரிபிகேஷனில் ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போட்டு வைக்க வேண்டும். "தவறுதலா ஒங்க போனுக்கு ஒரு கோட் வந்திருச்சு, கொஞ்சம் சொல்லுங்க" என்று யார் கேட்டாலும், தெரிந்த ஆளின் இலக்கத்திலிருந்தே வந்தாலும், சொல்லக் கூடாது. அந்த ஓடிபி போனால் வட்ஸ்அப்பே கை மாறிவிடும்.

மூன்றாவது, பிறந்த ஆண்டு. பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் மூன்றுக்கும் குறைந்த வயது 13. சேரும்போது பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போடுகிறார்கள். இதனால் ஒரு நட்டம் உண்டு. 16 வயதுக்குக் கீழ் என்றால் டிக்டொக் கணக்கைத் தானாகவே பிரைவட் ஆக்கி, தனிச் செய்தி வசதியையும் மூடி வைக்கிறது. இன்ஸ்டகிராம் 2024 செப்டெம்பரில் கொண்டுவந்த இளையோர் கணக்கும் வயதைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. 14 வயதுப் பிள்ளை 2000ஆம் ஆண்டில் பிறந்ததாகப் போட்டால், இந்தக் காவல் எதுவும் அதற்குக் கிடைக்காது. அவுஸ்திரேலியாவோ 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்ற சட்டத்தை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நம் வீடுகளில் சரியான பிறந்த திகதியும் பிரைவட் கணக்கும் நல்ல தொடக்கம்.

பெற்றோர் கையிலும் இன்னொரு ஸ்மார்ட் போன் இருந்தால் கூகுள் பேமிலி லிங்க் போடலாம். எந்த ஆப் இறங்குகிறது, எத்தனை மணிக்குப் போன் பூட்டப்படுகிறது என்பதெல்லாம் அதில் பெற்றோர் கையில் இருக்கும். வீட்டுக்கே ஒரு போன் என்றால் அது அவ்வளவு உதவாது. அப்படியான வீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு போன் சார்ஜ் ஏறும் இடத்தை அம்மாவின் தலைமாட்டுக்கு மாற்றினால், இரவுப் பேச்சில் பாதி நின்றுவிடும். அப்பாவின் போனுக்கும் அதே சட்டம் இருந்தால் பிள்ளை முணுமுணுக்காது.

இலக்கம் கசியும் இடங்கள்

ரீலோட் போடக் கொமினிகேஷன் கடைக்குப் போகிற பெண் பிள்ளை, கவுன்டரில் கிடக்கும் கொப்பியில் தன் இலக்கத்தை எழுதிவிட்டு வருகிறாள். அடுத்து வருகிறவர் யாரும் அதைப் பார்க்கலாம். இந்தியாவின் உத்தரப்பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் இலக்கங்களை விலைக்கு விற்றது 2017இல் பத்திரிகைகளில் வந்தது. கார்ட் வாங்கி வந்து வீட்டிலேயே சுரண்டி இலக்கத்தை அடித்தால் இந்தச் சிக்கல் இல்லை. கார்ட் கிடைக்காத இடத்தில் அப்பாவோ அண்ணனோ போய்ப் போடலாம்.

இரண்டாவது இடம் வகுப்புக் குரூப். சேர்ந்திருக்கும் எல்லாருக்கும் எல்லாருடைய இலக்கமும் தெரியும். பிள்ளையின் போன் அண்ணன் கையிலும் மாமா கையிலும் இருக்கிற வீடுகளில், அந்த இலக்கங்கள் அவர்கள் கையிலும் இருக்கின்றன. தரம் முடிந்ததும் பழைய குரூப்பை மூடும்படி பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம். ஆசிரியர் மட்டும் செய்தி போடும்படி குரூப்பை வைப்பதும் நல்லது.

மூன்றாவது, போன் திருத்தும் கடை. திரை உடைந்தால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லையும் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. மெமரி கார்ட்டையும் சிம்மையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். திரை மாற்ற அதிக நேரம் எடுக்காது, பக்கத்தில் இருந்தே வாங்கி வரலாம். பழைய போனை விற்கும்போது கணக்குகளை நீக்கி, பெக்டரி ரீசெட் கொடுத்துவிட்டே கொடுக்க வேண்டும்.

நடந்துவிட்டால், முதல் நாள்

மிரட்டல் வந்த அன்றைக்குச் செய்ய வேண்டியவை நான்கு. பணம் கொடுக்க வேண்டாம். இன்னொரு படம் அனுப்ப வேண்டாம். செய்திகளை அழிக்க வேண்டாம். எதிராளியின் இலக்கம், கணக்கின் பெயர், மிரட்டல் வாக்கியங்கள், பணம் போடச் சொன்ன இலக்கம், திகதி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு, பிறகு புளொக் செய்ய வேண்டும்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விஷயம் பெரிதாகாமல் தலைவரோ கோயில் கமிட்டியோ இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசி முடிப்பார்கள். பொலிஸுக்குப் போனால் மானம் போகும் என்ற பயத்தில் வந்த வழி அது. மிரட்டுகிறவர் கையில் படம் அப்படியே இருக்க, பேச்சு மட்டும் முடியும். அதோடு, எல்லாருக்கும் நிலைமை தெரியட்டும் என்று அந்தப் படத்தையே தலைவருக்கும் சித்தப்பாவுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதும் நடக்கிறது. இது செய்யவே கூடாத காரியம். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 286ஏ பிரிவின்படி, சிறுவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். தண்டனை இரண்டு ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை. உதவி செய்ய வந்தவர் தானே குற்றத்தில் மாட்டிக்கொள்வார். சான்று காட்ட வேண்டுமானால் அந்தப் போனையே கொண்டுபோய்ப் பொலிஸிடம் காட்டலாம்.

போக வேண்டிய இடம் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவு. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம் வீண் பயம் அல்ல. பொள்ளாச்சி வழக்கில் முறைப்பாடு கொடுத்த மாணவியின் பெயரைப் பொலிஸ் உயரதிகாரி ஒருவரே பத்திரிகையாளர் முன்னால் சொல்லிவிட்டார். பெரும் கண்டனம் எழுந்தது. இலங்கையிலும் பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365சி பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. இதை நிலையத்திலேயே நினைவுபடுத்தலாம்.

படம் இணையத்தில் ஏறிவிடும் என்ற நிலையில் டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவையைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கியது அது. படம் போனை விட்டு வெளியே போகாது. போனிலேயே அதற்கு ஓர் அடையாளக் குறி உருவாகும்; அந்தக் குறி மட்டும் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏறினால் பிடித்து நீக்குவார்கள். வட்ஸ்அப் தனிச் செய்திகளுக்குள் இது எட்டாது.

அந்த நாட்களில் பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், செத்துப் போகலாம் என்பது போல ஏதாவது சொன்னால், தனியே விடக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். பாடசாலைக்கு மறுநாளே அனுப்பப் பார்க்க வேண்டும். வீட்டில் நிறுத்திவைத்தால், தண்டனை தனக்குத்தான் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

அம்மா வெளிநாட்டில் இருந்தால்

அம்மா வளைகுடாவில், அப்பா கொழும்பில் கடையில், பிள்ளை பாட்டியோடு. இப்படியான வீடு எந்த லயத்திலும் ஒன்று இருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்க்க இருக்கிற ஒரே வழி போன் என்பதால், அங்கே போனைப் பறிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உள்ள வளைகுடா நாடுகளிலிருந்து அம்மாமார் ஐமோவில் பேசுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் கூடிப் பேசும் அறைகளும் ஐமோவில் உண்டு. அம்மாவோடு பேச மட்டும்தான் அது என்றால், யார் அழைக்கலாம் என்பதைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று செட்டிங்ஸில் கட்டுப்படுத்திக்கொள்ளலாம்.

இந்த வீட்டில் முதல் விதியை அம்மா வீடியோ அழைப்பில் சொல்ல வேண்டும், பாட்டியும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். கூடவே பிள்ளை நம்பிப் பேசக்கூடிய ஒரு பெரியவரின் பெயரையும் முடிவு செய்து வைக்க வேண்டும். சித்தியாக இருக்கலாம், வகுப்பாசிரியையாக இருக்கலாம். யார் என்று பிள்ளையே சொல்லட்டும்.

இலக்கங்கள் ஒரு கடதாசியில் இருக்கட்டும், பாடசாலை நேரசூசிக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, 109 பொலிஸின் சிறுவர், பெண்கள் பணியகம், 101 இணையக் கணக்குப் பிரச்சினைகளுக்கு இலங்கை சேர்ட், 119 அவசரப் பொலிஸ். 1929க்கு 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. டேட்டாவும் தேவையில்லை, பாட்டியின் பட்டன் போனிலிருந்தே போகும். அந்த நாலு இலக்கத்தைப் பாட்டி கண்ணாடி போடாமல் அழுத்துகிறாரா என்று பிள்ளையை விட்டே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளலாம்.